நாற்பதாண்டு அனுபவம் யாருக்குச் சொந்தம்?



யந்திரம் திடீரென்று நின்றால் மானேஜர் யாரைத் தேடுகிறார்? அதனோடு பல்லாண்டு மாரடித்த தொழிலாளியைத்தான். சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று அவர் சொல்லிவிடுவார். அந்த அறிவு புத்தகத்தில் இல்லை. அவர் தலையில் இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்கும் முறையைப் பற்றித்தான் இன்று நாம் பேசுகிறோம்.

அமெரிக்காவில் காம்ப்பெல் என்றொரு சூப் கம்பெனி. டப்பாவில் அடைத்த சூப் கெடாமலிருக்க, சூடேற்றிக் கிருமிகளைக் கொல்லும் ராட்சத யந்திரங்கள் அதன் ஆலைகளில் உண்டு. அவற்றின் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதில் கைதேர்ந்த ஊழியர் ஒருவர், 40 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1980-களில் ஓய்வுபெறும் வயதை எட்டினார். கம்பெனி டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிபுணர்களை அழைத்தது. அவர்கள் மாதக்கணக்கில் அவரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். சூடு குறைந்தால் முதலில் எதைப் பார்ப்பது, அது சரியாயிருந்தால் அடுத்தது எது என்ற பாணியில் எல்லாம் எழுதப்பட்டது. 'இப்படியானால் இதைச் செய்' என்று சுமார் 150 விதிகள். அவை ஒரு புரோகிராமாகி ஆலைகளுக்குச் சென்றன.

இந்த ஆசை புதிதல்ல. தொழிலாளர்களிடம் வழிவழியாக உள்ள அறிவை நிர்வாகம் திரட்டி விதிகளாக்க வேண்டும் என்று 1911-லேயே பிரெடரிக் டெய்லர் பகிரங்கமாக எழுதினார். அன்று கையில் கடிகாரம், பிறகு கம்ப்யூட்டர். இன்றோ கேள்வி கேட்கக்கூட ஆள் வேண்டாம். ஊழியர் திரையில் செய்வதையெல்லாம் தானே குறித்துக்கொள்ளும் புரோகிராம்கள் வந்துவிட்டன.

விஞ்ஞானத்தை நாம் எதிர்க்கவில்லை. அனுபவசாலியின் அறிவு அவரோடு மண்ணாகாமல் இளந் தொழிலாளிக்குக் கிடைப்பது நல்லதே. 1970-களில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர்களின் அறிவைத் திரட்டி மைசின் என்ற புரோகிராமைச் செய்தார்கள். ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டால் அது காரணம் காட்டும். அப்படிக் கற்பிக்கும் ஆசானாக வந்தால் வரவேற்போம்.

ஆனால் சூப் ஆலை ஊழியர் ஓய்வுபெறும் வயதினர். நாளை 35 வயதுத் தொழிலாளியிடம் இதே கேள்விகள் வந்தால்? சாற்றைப் பிழிந்துகொண்டு சக்கையை எறிவதற்கு நாம் கரும்பா?

ஆகவே, தோழர்களே, நாம் மூன்று கேள்விகள் கேட்போம். எதற்காகப் பதிகிறீர்கள்? சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்குக் கூலி என்ன? இதைக் காட்டி ஆட்குறைப்புச் செய்வதில்லை என்று சங்கத்துடன் எழுத்தில் ஒப்பந்தம் உண்டா?

தனியாளாக நின்று பதில் சொல்லாமல், சங்கமாக நின்று கேட்போம்!