கொரிய எழுத்தும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் ஹூண்டாய் நிறுவனத்தின் சான்ட்ரோ கார் வெளிவந்தது. நம்மில் பலர் கொரிய நாட்டை அறிந்தது அக்காரின் வாயிலாகத்தான். நம் பிள்ளைகளோ பாட்டாலும் படத்தாலும் அறிகின்றனர். 2020இல் ஆஸ்கர் விழாவில் தலைசிறந்த படத்துக்கான பரிசினை 'பாரசைட்' என்னும் கொரியப் படம் பெற்றது. ஆங்கிலமல்லாத மொழிப் படம் ஒன்று அப்பரிசினைப் பெற்றது அதுவே முதன்முறை.

கார் விற்பதில் வியப்பில்லை. பொருள் நன்றாயிருந்தால் எவரும் வாங்குவர். பிற நாட்டார் அம்மொழியை விரும்பிக் கற்பதே வியப்பு. ஜப்பானியர் ஆட்சியின் இறுதியாண்டுகளில் பள்ளிகளிலிருந்தே விலக்கப்பட்ட மொழி அது! 1446இல் சேஜோங் மன்னர் வெளியிட்ட எழுத்துக்குத் தென்கொரியர் ஆண்டுதோறும் அக்டோபர் 9 அன்று விழா எடுக்கின்றனர்.

களமசேரியில் நம் குடியிருப்புச் சிறுமி ஒருத்தி, தொடர்களைப் பார்த்தே அவ்வெழுத்தைக் கற்றிருக்கிறாள். கொரியப் பிள்ளைகளும் தந்தையை 'அப்பா' என்றே அழைப்பர் என்று நமக்குச் சொன்னவள் அவளே. சென்ற மாதம் நம் பெயரைக் கொரிய எழுத்தில் அழகுற எழுதிக் காட்டினாள். மகிழ்ந்தோம். "தமிழிலும் எழுதம்மா" என்றோம். தாளை நம் பக்கம் தள்ளி, "நீங்களே எழுதுங்கள், மாமா" என்றாள்.

அவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் போதும், தமிழ் வீட்டிலே வந்துவிடும் என்று அவள் தந்தைக்கு யோசனை சொன்னவர்களுள் நாமும் ஒருவர். பேச்சு வந்தது, எழுத்து வரவில்லை.

ஞாயிறு மாலைகளில் சங்க அறையில் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் வைத்துக் காத்திருப்போம். அவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பதிலுக்கு நாம் கொரிய எழுத்தைக் கற்க வேண்டுமாம். இரயில்வேப் பேரேட்டில் எழுதிப் பழகிய கை, வளையுமோ, பார்ப்போம்.