நள்ளிரவு வார்டில் பெரிய டாக்டர் எங்கே?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பகலில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்று வலியைப் பொறுத்துக் கொள்கிறவர்கள் நாம். பொறுக்க முடியாமல் போகும்போது மணி இரவு பதினொன்று ஆகியிருக்கும். தாராவியிலிருந்து சயானுக்கோ, பரேலுக்கோ ஓடுகிறோம். அந்த நேரத்தில் நம்மைப் பார்ப்பவர் யார்? அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். எந்தவொரு ஆஸ்பத்திரியையும் குற்றம் சாட்டுவது என் நோக்கமல்ல. நாடு முழுவதும் நடைமுறை ஏறக்குறைய இதுதான்.

இரவில் நம்மைப் பார்ப்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புப் படிக்கும் ரெசிடெண்ட் டாக்டர். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அவருக்கு மேலே ஒரு சீனியர் ரெசிடெண்ட். அவருக்கும் மேலே இருக்கிற பேராசிரியர் பெரும்பாலும் வீட்டில் இருப்பார். கூப்பிட்டால் போனில் கிடைப்பார். ரெசிடெண்ட் மாணவர்தான், ஆனால் இரவு முழுவதும் ஆஸ்பத்திரியைத் தாங்குகிற தொழிலாளியும் அவரே.

நம் தந்தையர் மில்லில் மூன்றாவது ஷிப்டு பார்த்தவர்கள். புதிதாகச் சேர்ந்த பையனைத் தறியில் தனியே விட்டுவிட்டு ஜாபர் வீட்டுக்குப் போனாரா? நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம். உயிர் அறுந்தால் என்ன செய்வது?

1984-இல் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் இரவில் சேர்க்கப்பட்டு, சில மணி நேரத்தில் இறந்து போனாள். அவளைப் பார்த்தவர்கள் பயிற்சி மருத்துவர்கள். பெரிய மருத்துவர் போனில்தான் யோசனை சொன்னார். விசாரித்த நடுவர் குழு மருத்துவர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டவில்லை. நீண்ட டூட்டியையும், மேற்பார்வை இல்லாத முறையையும் கண்டித்தது. 1989-இல் நியூயார்க் மாநிலம் விதி போட்டது: வாரத்திற்கு 80 மணி, தொடர்ந்து 24 மணி, அதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது, மூத்த மருத்துவரின் மேற்பார்வையும் வேண்டும். 2004-இல் பாஸ்டன் நகரில் வெளியான ஓர் ஆய்வு, பழைய நீண்ட டூட்டி முறையில் பயிற்சி மருத்துவர்கள் கடுமையான தவறுகளைச் சுமார் 36 சதவீதம் கூடுதலாகச் செய்ததைக் காட்டியது.

“தனியாக விட்டால்தானே கற்றுக்கொள்வார்கள்?” என்று சில பேராசிரியர்கள் கேட்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் தானே செய்தால் இளையவருக்குக் கை பழகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த சோதனை 2013-இல் வெளியாயிற்று. சிறப்பு மருத்துவர் இரவில் நேரில் இருந்தபோதும், போனில் மட்டும் கிடைத்தபோதும் இறப்பு எண்ணிக்கையில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அங்கே போனின் மறுமுனையில் ஆள் இருந்தார். தரையில் பாய் விரித்து நோயாளிகள் படுத்திருக்கும் நம் வார்டு அதுவல்ல.

ஆகவே பெரிய டாக்டர் கட்டடத்துக்குள் இருப்பது மட்டும் போதாது. இளையவர் அவரை அச்சமின்றிக் கூப்பிட முடிய வேண்டும். “இதற்கெல்லாமா எழுப்புவது?” என்று ஒருமுறை ஏசு வாங்கியவர் அடுத்த முறை கூப்பிடத் தயங்குவார். அந்தத் தயக்கத்திற்கு விலை கொடுப்பவர்கள் நாம்.

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. ஒரேயடியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, சாதாரணமாக வாரம் 48 மணி என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-இலேயே உத்தரவிட்டது. 30 ஆண்டுகள் கடந்தும் 24 மணி, 36 மணி டூட்டி ஒழியவில்லை. 2024 ஆகஸ்ட் 9 அன்று கல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில், இரவு டூட்டியின் நடுவே கருத்தரங்கு அறையில் ஓய்வெடுத்த பெண் மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். ஓய்வெடுக்கப் பாதுகாப்பான அறைகூடத் தராத அமைப்பை நாடே அப்போது பார்த்தது.

நம் கோரிக்கைகள் இவை: 1992 உத்தரவு நடைமுறைக்கு வர வேண்டும். இன்றிரவு பொறுப்பிலுள்ள மூத்த மருத்துவர் யார் என்று வார்டு வாசலில் பலகையில் எழுத வேண்டும். எந்தெந்த நிலையில் அவரைக் கட்டாயம் கூப்பிட வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கூப்பிட்டதற்காக யாரையும் ஏசக் கூடாது. ஷிப்டு மாறும்போது நோயாளியின் விவரம் முறையாகக் கைமாற வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

நம் கடமையும் உண்டு. பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள். இந்தியோ மராட்டியோ தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். “பெரிய டாக்டரிடம் சொல்லியாயிற்றா?” என்று மரியாதையாகக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. நோயாளி இறந்துவிட்டால் அந்த இளைய டாக்டர் மீது கை ஓங்காதீர்கள். அடி அவருக்கு விழும். ஆள் போடாத நிர்வாகம் தப்பித்துக் கொள்ளும்.

அவர்கள் டூட்டி நேரத்துக்காகப் போராடினால், எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய வர்க்கம் விலகி நிற்கலாமா? அவர்களுடைய தூக்கத்தில் நம் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. அந்தப் போராட்டத்தில் நம் சங்கத்தின் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.