ஒப்புக்குச் சப்பாணி
(கீழ்பென்னாத்தூரில் சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



‘டோக்கனிசம்’ என்னும் சொல்லின் பொருள் யாது என மாணவர் சிலர் என்னை வினவினர். டோக்கன் என்பது ஓர் அடையாளம், அதுவே பொருளாகிவிடாது. நியாயவிலைக் கடையில் டோக்கனை மட்டும் கொடுத்து, அரிசி கொடாமல் அனுப்பினால் உலை கொதிக்குமா? அவ்வாறே உரிமையின் அடையாளத்தைத் தந்து உரிமையைத் தாராதிருப்பதே டோக்கனிசம். நம் சிறுவர் விளையாட்டில் இதற்கு என்றோ பெயர் உண்டு: ஒப்புக்குச் சப்பாணி. அவன் ஆட்டத்தில் இருப்பான். அவன் ஆட்டம் கணக்கில் சேராது.

விளையாட்டில் உள்ளது ஊராட்சியிலும் நிகழ்ந்தது. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் ஊராட்சித் தலைவர் பதவிகளில் நமக்கு இடஒதுக்கீடு கிடைத்தது. ஆயினும் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் நம்மவர் தலைவராகப் பணியாற்ற இயலவில்லை. மனுச் செய்வோரைத் தடுத்தனர். பின்னர்த் தாமே ஒருவரை நிறுத்தி, வென்றவுடன் பதவி விலகச் செய்தனர். 2006இல்தான் அந்நிலை மாறியது. அதே மாவட்டத்து மேலவளவில், தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தலைவராகிய பெண்மணி ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டார். அவ்வாண்டே திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், சுதந்திர தினத்தன்று கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்ட பெண் தலைவர், சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார்.

இவற்றைக் கண்டு, “ஒதுக்கீடே வெறும் கண்துடைப்பு” என்பார் உளர். அவர்களை ஒன்று கேட்கிறேன்: அது வெற்று அடையாளமானால், அதைத் தடுக்க ஓர் உயிரைப் பறிப்பானேன்? நாற்காலிக்கு வலிமை உண்டு என்பதை நம்மைவிடத் தடுத்தவர் நன்கறிவர்.

அவ்வலிமை எங்கே உள்ளது? கிராம சபைக்குத் தலைமை ஏற்பவர் ஊராட்சித் தலைவர். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் துணைத் தலைவரோடு கையொப்பமிடுபவரும் அவரே. படியாத தீர்மானத்திலும், தொகை எழுதாத காசோலையிலும் கையொப்பமிட்டால், நாற்காலியில் அமர்ந்திருந்தும் அவர் ஒப்புக்குச் சப்பாணியே.

ஆகவே இளைஞர்களே, எந்தக் குழுவில் உங்களைச் சேர்த்தாலும் மாலையைக் கண்டு மயங்காதீர். என் சொல் பதிவேட்டில் ஏறுகிறதா, கணக்கு என் பார்வைக்கு வருகிறதா எனக் கேளுங்கள். இல்லையெனில் விலகி ஓடாமல், சட்டப் புத்தகத்தோடு அங்கேயே அமருங்கள். நம் சங்கமும் மாலை வகுப்புகளில் தீர்மானப் பதிவேட்டையும் வரவுசெலவுக் கணக்கையும் படிக்கக் கற்பித்தல் வேண்டும். பெற்ற இடத்தை நமக்குரிய இடமாக்குவது கல்வியே.