இரு திசை அம்புகள்

வேற்று மொழியில் பயிலும் நம் பிள்ளைகளின் ரசாயன நூலில் எதிரெதிரான இரண்டு அம்புக்குறிகளைக் காண்கிறோம். அவற்றின் பொருள் யாது? அம்மோனியாவை எடுத்துக்கொள்வோம்.

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆயினும் நெற்பயிர் அதை நேரே ஏற்கமாட்டாது. ஹைட்ரஜனுடன் சேர்த்து அம்மோனியாவாக்கினால் அதிலிருந்து உரம் செய்யலாம். ஆனால் அம்மோனியா உண்டாகும்போதே ஒரு பகுதி மீண்டும் பிரிந்துவிடுகிறது. இரு வேகங்களும் ஒத்துவிட்டால் அதுவே சமநிலை. அப்போது வினை நின்றுவிட்டதென்று நாம் எண்ணலாகாது. ஆக்கமும் பிரிவும் சமவேகத்தில் நடந்துகொண்டேயிருக்கின்றன.

இவ்வினை வெப்பத்தை வெளிவிடுவது. ஆகவே குளிர்ந்த நிலையில் விளைவு மிகுதி, வேகமோ மிகக் குறைவு. சூடேற்றினால் வேகம் கூடும், விளைவு குறையும். இச்சிக்கலுக்கு ஜெர்மானிய அறிஞர் ஹேபர் 1909-இல் வழி காட்டினார். 1913-இல் அது தொழிற்சாலைக்கு வந்தது. நான்கு பங்கு வாயு இரண்டு பங்காகச் சுருங்குவதால், மிகுந்த அழுத்தம் அம்மோனியாவுக்குத் துணைசெய்கிறது. எனவே ஏறத்தாழ 200 மடங்கு காற்றழுத்தமும் 450 டிகிரி சென்டிகிரேடு வெப்பமும் கொள்வர். இரும்பாலான கிரியா ஊக்கி இரு திசை வேகத்தையும் கூட்டும், சமநிலையை மாற்றாது. உண்டான அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்து, எஞ்சிய வாயுக்களை மீண்டும் உலைக்கு அனுப்புவர்.

1951-இல் சிந்திரியில் உற்பத்தி தொடங்கிய உரத்துக்கும் இவ்வினையே அடிப்படை. முதல் உலகப் போரில் இதுவே வெடிமருந்துக்கும் உதவியது. அம்புக்குறிகளைக் கற்பிக்கையில் இவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.