இரண்டாவது காதலுக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

(திண்டுக்கல் பேகம்பூரில் நடந்த சாதி ஒழிப்புக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இந்தப் பேகம்பூரில் பிறந்தவள். பள்ளிவாசல் பாங்கு சத்தத்தில் எழுந்து, தோல் ஷாப்பு வாடையோடு பள்ளிக்கூடம் போனவள். என் தாத்தா தோல் அலசும் வேலை பார்த்தவர். டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதியது அவரைப் போன்றவர்களின் வாழ்க்கையைத்தான். எங்கள் குடும்பம் வேதத்துக்குப் போய் மூன்று தலைமுறை ஆகிறது. சாதியும் கூடவே வந்துவிட்டது.

ஆணவக் கொலைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என் ஆய்வும் அதைப் பற்றியதுதான். கொல்லப்பட்டவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், இன்னும் பேச வேண்டும். இன்று பிழைத்திருப்பவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர்கள் மறுபடி காதலித்தால் நாம் என்ன செய்கிறோம்?

நம் மாவட்டத்துக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். பழனியைச் சேர்ந்த கௌசல்யாவும் குமரலிங்கம் சங்கரும் பொள்ளாச்சியில் ஒரே கல்லூரியில் படித்தார்கள். 2015 ஜூலையில் பழனியில் திருமணம் செய்துகொண்டார்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், இருவரையும் வெட்டினார்கள். தலித் இளைஞரான சங்கர் இறந்தார். தலையில் வெட்டுக்காயங்களோடு கௌசல்யா பிழைத்தார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

அந்த ஆண்டுகளில் கௌசல்யா என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியும். பெற்றோருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். பறை கற்றார். சங்கர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். நாம் அவரை மேடைக்கு மேடை அழைத்தோம், கைதட்டினோம். 2018 டிசம்பர் 9 அன்று கோவையில் பறையிசைக் கலைஞர் சக்தியை அவர் மணந்தபோது சங்கரின் குடும்பத்தாரும் வந்திருந்தார்கள். மகனைப் பறிகொடுத்த வீடு வாழ்த்தியது. ஆனால் நமக்குள்ளேயே சிலர் முகம் சுளித்தார்கள். "அதுக்குள்ளயா?" என்றார்கள். "அப்போ சங்கர்?" என்றார்கள். சாதிவெறியர்கள் திட்டியது எனக்கு ஆச்சரியமில்லை. நம் ஆட்கள் கேட்ட அந்த "அதுக்குள்ளயா" தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அம்பேத்கர் 1916இல், இருபத்தைந்து வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணமுறை என்றார். சாதிக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமென்றால் ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். கணவன் செத்துப்போனால் மனைவி உபரியாகிவிடுகிறாள். அவள் வெளியே ஒருவனைத் தேடினால் வேலி உடையும். அதனால் அவளை எரித்தார்கள், இல்லையென்றால் காலமெல்லாம் விதவையாகவே அடைத்துவைத்தார்கள். சதியும் கட்டாய விதவைக் கோலமும் சாதியைக் காப்பாற்றிய கருவிகள் என்பது அவர் கண்டுசொன்னது. அப்படியானால் ஒரு பெண்ணின் இரண்டாவது காதலைப் பார்த்து முகம் சுளிக்கிறவர் யாருடைய வேலையைச் செய்கிறார்?

அம்பேத்கர் வீட்டுக்கே வருவோம். 1935இல் ரமாபாய் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தனியாக இருந்து, நீரிழிவால் நலிந்துபோன நிலையில், 1948 ஏப்ரல் 15 அன்று டெல்லியில் மருத்துவர் சாரதா கபீரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவர்தான் சவிதா அம்பேத்கர். பிறப்பால் பிராமணர். 1956இல் அண்ணல் மறைந்ததும் அந்தப் பெண்ணின் மேல் கொலைச் சந்தேகத்தைச் சுமத்தினார்கள். இயற்கை மரணம் என்று அரசு விசாரணை சொன்ன பிறகும் பேச்சு ஓயவில்லை. பல ஆண்டுகள் இயக்கத்திலிருந்து ஒதுங்கியே வாழ்ந்தார். இதைச் செய்தவர்கள் எதிரிகள் மட்டும் அல்ல.

இனி என் கதை. இதைச் சொல்ல வேண்டுமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

இருபத்தோரு வயதில் சொந்தத்திலேயே கட்டிக்கொடுத்தார்கள். குடி, அடி. மூன்றாம் வருஷம் ஒரு விபத்தில் அவர் இறந்துபோனார். எனக்கு வந்த முதல் உணர்வு நிம்மதி. அந்த நிம்மதிக்காக ஆறு வருஷம் வெட்கப்பட்டேன். அழவில்லை என்று ஊர் பேசியது. அம்மா மட்டும், "நீ படிடி, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றது.

ஆய்வுக்குச் சேர்ந்த இடத்தில் ஒருவரைச் சந்தித்தேன். இந்த மாவட்டத்துக்காரர்தான், நிலம் உள்ள ஆதிக்க சாதிக் குடும்பம். பழகத் தொடங்கிய கொஞ்ச நாளில் அவராகவே சொன்னார்: "பதினேழு வயசுல சாதி ஊர்வலத்துல வேன் மேல ஏறி நின்னு, உங்க ஆளுங்க தெருவப் பாத்துக் கத்தியிருக்கேன். ஒரு வீட்டு ஓட்டுல கல்லும் விட்டேன். மன்னிக்கச் சொல்லல. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

எட்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை.

இரண்டு பேருக்கும் கடந்த காலம் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் என்னுடையது எனக்கு நடந்தது, அவருடையது அவர் செய்தது. இரண்டும் ஒன்றாகாது. எனக்கு நடந்ததற்கு நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் செய்ததற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும், காதல் அதைக் கழுவிவிடாது. அந்த எட்டு மாதத்தில் அவர் அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டுப் பெரியவர் உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நின்றே செய்ததைச் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார். தன் வீட்டில் என் பெயரையும், பேகம்பூரில் என் தெருப் பெயரையும் மறைக்காமல் சொன்னார். அன்றிலிருந்து அவர் அப்பா பேசுவதில்லை.

ஒரு தோழி கேட்டாள்: "அக்கா, அவரு உங்களக் காதலிக்கிறாரா, இல்ல பாவத்தக் கழிக்கிறாரா?" சரியான கேள்வி. நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள், சண்டையில் வாயில் என்ன வார்த்தை வருகிறது என்று தினமும் பார்க்கிறேன். இதுவரைக்கும் நம்பிக்கை இருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நான் கிறிஸ்தவர், அவர் இந்து. அதனால் சுயமரியாதைத் திருமணச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின்படிதான் பதிய வேண்டும். அதற்கு முப்பது நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும், பெயரோடும் முகவரியோடும். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். எங்கள் அறிவிப்பு ஒட்டி இன்று பதினோராவது நாள். சாதி மறுத்து மணப்பவர்களைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் இருபத்துநான்கு மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த மாவட்டத்து எண் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும்.

உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். முதலாவது, முப்பது நாள் முடிந்து நாங்கள் பதியப் போகும் அன்று முடிந்தவர்கள் வந்து அலுவலக வாசலில் நில்லுங்கள். மாலை வேண்டாம், ஆள் வேண்டும்.

இரண்டாவது கொஞ்சம் கடினம். எங்களைச் சாதி ஒழிப்பின் சின்னமாக்கி மேடையில் நிறுத்தாதீர்கள். சின்னமாகிவிட்ட பெண்ணால் வீட்டில் நடக்கும் சண்டையைக்கூட வெளியே சொல்ல முடியாது. நாளைக்கு இது சரிப்பட்டு வராமல் போனால் நான் பிரிந்து வருவேன். அன்றைக்கு "இயக்கத்தோட மானமே போச்சு" என்று யாரும் சொல்லக் கூடாது. சாதிக்குள் செய்த கல்யாணம் எத்தனை தோற்றாலும் சாதியைத் தப்புச் சொல்லாத ஊர் இது. எங்களுக்கு மட்டும் ஜெயித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு?

முதல் காதலுக்கு நாம் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இரண்டாவதற்கும் கேட்கப் போவதில்லை. அன்றைக்குக் காலையில் என் அம்மா எல்லோருக்கும் டீ போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. வாருங்கள்.