கிளி ஏன் கடிக்கிறது?

பிரேசில் நாட்டின் பான்டனால் சதுப்பு நிலத்தில் ஹயசிந்த் மக்காவ் என்றொரு கிளி இருக்கிறது. உடம்பு முழுக்க அடர்நீலம். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். தலையிலிருந்து வால் நுனிவரை ஏறத்தாழ 1 மீட்டர். பறக்கும் கிளிகளில் இதைவிட நீளமானது வேறில்லை.

அக்கூரி, பொக்காயுவா என்னும் இரண்டு பனை வகைகளின் கொட்டைகள்தான் இதற்கு முக்கிய உணவு. சுத்தியலால் தட்டினாலும் லேசில் உடையாத கொட்டைகள் அவை. கிளி ஒரு கொட்டையைக் காலால் எடுத்து வாயில் வைக்கிறது. மேலலகின் உட்புறம் அரம் போல வரிவரியாக இருப்பதால் கொட்டை வழுக்குவதில்லை. தடித்த நாக்கு அதைத் திருப்பித் திருப்பிக் கொடுக்க, கீழலகின் கூரிய விளிம்பு சுற்றிலும் கீறுகிறது. பிறகு ஓர் அழுத்து. கொட்டை இரண்டாகப் பிளந்துவிடும். சில சமயம் பிடிமானத்துக்காக ஒரு மரச்சில்லையும் சேர்த்துக் கவ்விக்கொள்கிறது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

இந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? நமக்குக் கீழ்த்தாடை மட்டுமே அசையும். கிளிக்கு மேலலகும் நன்றாக அசையும். போதாததற்கு, மற்றப் பறவைகளுக்கு இல்லாத தனித் தாடைத் தசைகளும் உண்டு. தென் அமெரிக்காவின் சிறிய பச்சைக்கிளி ஒன்றை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் கடி கிளியினம் அல்லாத மற்றப் பறவைகளுடையதைவிட வலுவானது என்று கணக்கிட்டது.

இதே அலகுதான், கண் திறக்காத குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. ஒரு கீறல்கூட விழாது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது கிளிக்கு நன்றாகத் தெரியும். அப்படியென்றால், நம் விரலை அது ஏன் கடித்துக் கிழிக்கிறது? பெரும்பாலும் பயத்தால்தான். கடிக்கும் முன்பே கழுத்து இறகு சிலிர்க்கும், கண்ணின் பாவை சுருங்கி விரியும், உடம்பு விறைக்கும். கூண்டுக்குள் ஒதுங்க இடமில்லாத பறவை வேறென்ன செய்யும்?

கடிபட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், காயம் பெரிதாகும். சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். ஆழமான காயமென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் அடைத்து வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டில் அப்படியொரு கிளி இருந்தால், தயவுசெய்து வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.