ஊரும் பிரபுவும் இரு துண்டுப் பாணும்

இரு பாண் துண்டுகளுக்கிடையே இறைச்சியையோ முட்டையையோ வைத்துண்ணும் பண்டத்தைச் சான்ட்விச் என்கின்றோம். பாண் என்னும் சொல் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றது. சான்ட்விச் என்னும் பெயரோ ஓர் ஊரிலே பிறந்து, ஒரு பிரபுவைச் சார்ந்து, உணவுத் தட்டுக்கும் வந்தது. கடல் கடந்து தீவுகளுக்கும் சென்றது.

அவ்வூர் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியிலுள்ளது. மணற்பாங்கான இடத்தில் அமைந்த வாணிபத்தலம் என்பதே பெயரின் பொருள். மத்திய காலத்தில் அரசனுக்குக் கப்பல் அளிக்கக் கடமைப்பட்டிருந்த ‘ஐந்து துறைமுகங்க’ளுள் அதுவும் ஒன்று. பின்னர் மணலும் சேறும் துறையைத் தூர்த்துவிட்டன. இன்று ஊர் கடலை விட்டு விலகி நிற்கின்றது. பெயரிலிருந்த மணலே வினையாக முடிந்தது போலும்! அருகே ஹாம் என்றொரு சிற்றூரும் உண்டு. ஆங்கிலத்தில் ஹாம் என்பது பதப்படுத்திய பன்றித்தொடையையும் குறிக்குமாதலால், இரண்டு ஊர்களுக்கும் வழிகாட்டும் கைகாட்டி மரம் பசித்தவனுக்கு உணவுச்சாலை விளம்பரமாகவே தோன்றும். பணிசுக்குள் வைத்துண்ணும் ஹம்பேர்கரிலோ அந்த ஹாம் இல்லை. அது ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரப் பெயர்.

இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் அரியணை ஏறத் துணைநின்ற கடற்படைத் தலைவர் எட்வேர்ட் மொண்டகு, 1660இல் சான்ட்விச் பிரபுவானார். அவர் வழிவந்த நான்காம் பிரபு ஜோன் மொண்டகு (1718–1792) மும்முறை கடற்படை அமைச்சராயிருந்தவர். சூதாட்ட மேசையை விட்டெழ மனமின்றி, பாணுக்கிடையே இறைச்சியை வைத்துத் தரச் சொன்னார் என்பது அவரைப் பற்றிய பிரசித்தமான கதை. இலண்டனைப் பற்றி எழுதிய குரோஸ்லி என்ற பிரெஞ்சுப் பயணி இதனைக் குறித்தார். ஆனால், அவர் சொன்னது ‘ஓர் அமைச்சர்’ என்ற அளவிலேதான். பிரபுவின் வரலாற்றை எழுதிய ரொட்ஜர் என்பார், அலுவலக மேசையிலே கோப்புகளுக்கிடையே அவர் இவ்வாறு உண்டிருத்தலே பொருத்தம் என்கிறார். எனக்கும் அதுவே ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. ஆயினும், உழைத்தவரைப் பற்றிய கதையிலும் சூதாடியைப் பற்றிய கதையே சுவைமிக்கதல்லவா? வரலாற்றாசிரியர் கிப்பன் 1762ஆம் ஆண்டிலேயே தமது நாட்குறிப்பில் இச்சொல்லை எழுதிவிட்டார்.

பாணுக்கிடையே பிறிதொன்றை வைத்துண்ணும் வழக்கம் பிரபுவுக்கு முந்தியது. யூத அறிஞர் ஹில்லேல், பாஸ்காப் பண்டிகையில் புளியாத அப்பத்துடன் கசப்புக் கீரையைச் சேர்த்து உண்டதாக மரபு கூறும். வயலிலே பாணும் பாற்கட்டியும் உண்ட உழவனின் பெயரை இப்பண்டத்துக்கு எவரும் சூட்டவில்லை.

கப்டன் குக் 1778இல் பசிபிக் மாகடலிற் கண்ட தீவுக்கூட்டத்துக்கும் தம்மை ஆதரித்த இப்பிரபுவின் பெயரையே சூட்டினார். ஆனால் அங்கே மக்கள் வாழ்ந்தனர். ஹவாய், மாவுயி, ஓவாகு எனத் தீவுகளுக்கெல்லாம் அவர்கள் இட்ட பெயர்களும் இருந்தன. அடுத்த ஆண்டே குக் அத்தீவிலே கொல்லப்பட்டார். பிரபுவின் பெயர் சிலகாலம் வரைபடங்களில் வழங்கிப் பின் மறைந்தது. ஹவாய் என்பதே நிலைத்தது. அதற்கு முன்னர், 1775இல், தென்முனையை அடுத்த பனிக்கடலில் அவர் கண்ட தீவுகள் மாத்திரம் இன்றும் தென் சான்ட்விச் தீவுகள் எனப்படுகின்றன. அங்கே வேறு பெயர் சொல்லக் குடிமக்கள் எவருமிலர்.